ஊர்ப் பணம் 4 லட்சம் இருக்கிறது, வலைக்கூடம் கட்ட அரசு நிதி கிடைக்குமா?

தம்பி கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன். தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் இடையில் ஒரு மீனவக் குக்கிராமம், சுமார் 200 வீடு. நாட்டுப்படகுதான் பிழைப்பு. வலை பின்ன நிழல் கிடையாது, வெயிலில் மணலில் உட்கார்ந்துதான் வேலை. இளைஞர் மன்றமும் ஊர்க் கமிட்டியும் சேர்ந்து வலை பின்னும் கூடம் ஒன்றும், அதை ஒட்டிப் பிள்ளைகள் மாலையில் படிக்க ஓர் அறையும் கட்ட முடிவு செய்திருக்கிறார்கள். படகுக்கு இவ்வளவு என்று வரி போட்டு 4 லட்சம் சேர்த்தாயிற்று. கொத்தனார் 15 லட்சம் ஆகும் என்கிறார். இடம் கோயிலுக்குப் பக்கத்தில் ஊர்ப் பொது இடம், கடலிலிருந்து 200 அடி. "மீதி 11 லட்சத்தை ஊராட்சி எங்கள் மன்றத்துக்கு மானியமாகத் தருமா, மனு யாருக்கு எழுதணும்?" என்பது கேள்வி.

மானியம் என்று கேட்டிருந்தாலும் தம்பி தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்: ஊர் தன் பங்கை எடுத்து வைத்துவிட்டது, அரசின் பங்கை எந்தத் திட்டத்தில், எந்த அளவில், என்ன தாள்களோடு கேட்டால் கோப்பு நகரும்? நான் ஊரக வளர்ச்சித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். பணிக்காலத்தின் பெரும்பகுதி இந்த ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஒன்றியங்களில்தான். வழக்கறிஞரும் இல்லை, பொறியாளரும் இல்லை. ஒரு கோப்பு எந்த மேசையில், எதனால் நிற்கும் என்பது தெரியும். அந்த அளவுக்குள் பதில் சொல்கிறேன்.

முதலில் உறுதியான ஒன்று. ஊராட்சியோ ஊராட்சி ஒன்றியமோ உங்கள் மன்றத்தின் வங்கிக் கணக்கில் 11 லட்சம் போடாது. அரசு ஊருக்குத் தருவது வேலையாகத்தான் வரும், பணமாக வராது. மதிப்பீடு ஒன்றியப் பொறியாளர் போடுவார், டெண்டர் அலுவலகம் விடும், பில் ஒப்பந்ததாரருக்குப் போகும், கட்டி முடித்த கட்டடம் ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் ஏறும். 'நிதி உதவி வழங்க வேண்டுகிறோம்' என்று எழுதினால் அந்த மனு 'நிதி ஒதுக்கீடு இல்லை' என்ற ஒரு வரிப் பதிலோடு திரும்பி வரும். 'இன்ன சர்வே எண்ணில், இத்தனை சதுர அடியில் வலை பின்னும் கூடம் கட்டும் பணியை இன்ன திட்டத்தில் எடுத்துத் தர வேண்டுகிறோம், பொதுமக்கள் பங்களிப்பு இவ்வளவு தயாராக உள்ளது' என்று எழுதினால் அதே மனு பொறியாளர் மேசைக்குப் போகும்.

அப்புறம், உங்கள் குக்கிராமம் கிராம ஊராட்சியில் இருக்கிறதா, பேரூராட்சியிலா என்று பாருங்கள். தொண்டியும் மண்டபமும் பேரூராட்சிகள், ராமேசுவரமும் கீழக்கரையும் நகராட்சிகள். எல்லை ஓரத்து ஊர்களில் ரேஷன் கடை ஒன்றிலும் வீட்டு வரி இன்னொன்றிலும் இருப்பதால் குழப்பம் வரும். வீட்டு வரி ரசீதில் யார் பெயர் இருக்கிறதோ அவர்கள்தான் உங்கள் உள்ளாட்சி. ஊராட்சி என்று வைத்துக்கொண்டே மேலே சொல்கிறேன். ஒன்றிய அலுவலகத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் இரண்டு பேர் உண்டு. ஒருவர் வட்டார ஊராட்சிக்கு, மற்றவர் கிராம ஊராட்சிகளுக்கு. நீங்கள் பார்க்க வேண்டியவர் இரண்டாமவர். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு முடிந்தபோது தலைவர் இல்லாத காலத்தில் ஊராட்சியை நடத்தும் தனி அலுவலர் பொறுப்பும் இவரிடமே வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பதவியில் இருந்தால் மனு அவருக்கு, நகல் இவருக்கு.

பணத்தைப் பற்றிப் பேசுமுன் நிலத்தைப் பற்றிப் பேசியாக வேண்டும். இந்தக் கடற்கரையில் பொது வேலைகள் நின்றுபோவதற்கு நான் பார்த்த முதல் காரணம் நிதி இல்லாமை அல்ல, இடத்தின் தாள் சரியில்லாததுதான். 'ஊர்ப் பொது இடம்' என்பது ஊர் வழக்கு. எந்த சர்வே எண் யார் பெயரில், என்ன வகை நிலம் என்று சொல்லும் வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் அப்படி ஒரு வகை இல்லை. அங்கே அது அரசுப் புறம்போக்காக இருக்கலாம், கிராம நத்தமாக இருக்கலாம், கோயில் பெயரில் இருக்கலாம், தேவஸ்தானம், தேவாலயம், வக்ஃபு பெயரில் இருக்கலாம், எப்போதோ இறந்துபோன ஒருவரின் பட்டாவாகவும் இருக்கலாம். ஓர் ஊரில் நிர்வாக அனுமதி வந்து, டெண்டர் முடிந்து, ஜல்லி இறக்கிய பிறகுதான் அந்த இடம் மூன்று தலைமுறைக்கு முந்தைய பட்டா என்று தெரிந்தது. வாரிசுகளில் ஒருவர் மலேசியாவில் இருந்தார். கையெழுத்து வாங்குவதற்குள் மார்ச் 31 வந்துவிட்டது, ஒதுக்கீடு போய்விட்டது. ஊரில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாரும் அதைப் பொது இடம் என்றே உண்மையாக நம்பியிருந்தார்கள்.

ஆகவே மனுவுக்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலரிடம் போய் சர்வே எண்ணும் உட்பிரிவும் கேளுங்கள். 'அ' பதிவேட்டு நகலையும் புல வரைபடத்தையும் வாங்குங்கள். பதிவேட்டு விவரத்தை வருவாய்த் துறையின் இணையத்திலும் பார்க்கலாம். அரசுப் புறம்போக்கு என்று வந்தால் வழி இருக்கிறது: வட்டாட்சியர் மூலம் நுழைவு அனுமதியோ நில மாற்றமோ பெற்று ஊராட்சி கட்டலாம். தனியார் பட்டா என்றால் ஊராட்சியின் பெயருக்குத் தானப் பத்திரம் பதிவாக வேண்டும். 'கட்டிக்கொள்ளுங்கள்' என்ற வாய்மொழி செல்லாது. கோயில் பெயரில் இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் இருக்கும் நிலத்தில் ஊராட்சிக் கட்டடம் எழும்பாது. நாடாளுமன்ற உறுப்பினர் நிதியிலோ வழிபாட்டு இடத்துக்குள்ளும் மத அமைப்பின் நிலத்திலும் வேலை எடுக்கவே விதி இடம் தராது. ஊருணி, கண்மாய், ஓடைப் புறம்போக்கு என்றால் அதுவும் முடியாது. நீர்நிலையில் கட்டடம் கூடாது என்று உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. நீங்கள் 'கோயிலுக்குப் பக்கத்தில்' என்று எழுதியிருப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்தப் பதிவேட்டைப் பார்க்காமல் இதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது.

இரண்டாவது, கடல். 200 அடி என்பது ஏறத்தாழ 60 மீட்டர். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் வரை பொருந்தும். 2019-ஆம் ஆண்டு அறிவிக்கை ஊரகக் கடற்கரையை இரண்டாகப் பிரிக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் இருக்கும் இடத்தில் வளர்ச்சித் தடைப் பகுதி 50 மீட்டர். மற்ற ஊர்ப்புறங்களில் 200 மீட்டர். உங்கள் வருவாய்க் கிராமத்துக்கு அந்த மக்கள்நெருக்கம் இருக்க வாய்ப்புக் குறைவு. ஆக நீங்கள் சொல்லும் இடம் பெரும்பாலும் தடைப் பகுதிக்குள்தான் விழும். பயப்பட வேண்டாம். அதே அறிவிக்கை மீனவ சமூகத்துக்குத் தேவையான மீன் உலர்தளம், ஏலக்கூடம், வலை பின்னும் இடம், பாரம்பரியப் படகு கட்டும் இடம், ஐஸ் பிளான்ட் ஆகியவற்றை அங்கேயே அனுமதிக்கிறது. பள்ளி, மருந்தகம், மழை ஒதுங்கும் கூரை, பொதுக் கழிப்பறை போன்றவற்றையும் உள்ளூர் மக்களின் தேவைக்காக ஒவ்வொன்றாகப் பரிசீலித்து அனுமதிக்கலாம். அலையாத்திக் காடு பக்கத்தில் இருந்தால் மட்டும் நிலைமை வேறு. ஆயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட அலையாத்தி என்றால் அதைச் சுற்றி 50 மீட்டர் காப்புப் பகுதி உண்டு. காரங்காடு பக்கத்து ஊர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

இதிலிருந்து எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன், இது என் கருத்துதான். கூடத்தையும் படிப்பறையையும் பிரித்துவிடுங்கள். கடலோரத்தில் வலைக்கூடம் மட்டும். அதற்கு அறிவிக்கையிலேயே பெயர் சொல்லி இடம் இருக்கிறது. படிப்பறையைச் சேர்த்தால் அது 'சமுதாயக் கூடம்' என்ற தோற்றம் பெறும், ஏன் இங்கே என்ற கேள்வி வரும், ஒன்றுக்காக மற்றதும் நிற்கும். பிள்ளைகள் படிக்க ஊருக்குள்ளே நத்தம் நிலத்தில் தனியாகப் பார்க்கலாம். அதற்கும் முன்னால் ஊராட்சிக்குள் ஏற்கெனவே என்ன கட்டடம் சும்மா கிடக்கிறது என்று பாருங்கள். சுனாமிக்குப் பிறகு கடலோர மாவட்டங்களில் உலக வங்கி உதவியோடு பல்நோக்குப் பேரிடர் மையங்கள் கட்டினார்கள். புயல் இல்லாத நாளில் அவற்றை ஊர்ப் பயன்பாட்டுக்கு விடலாம் என்பதால்தான் 'பல்நோக்கு' என்றே பெயர். பூட்டிக் கிடக்கும் ஒன்றுக்குச் சாவி வாங்குவது புதிதாக ஓர் அறை கட்டுவதைவிடச் சீக்கிரம் நடக்கும்.

சரி, நிதி. உங்களுக்குப் பொருத்தமானது நமக்கு நாமே திட்டம். 1997–98-இல் வந்தது, 2011-இல் தன்னிறைவுத் திட்டம் என்று மாறியது, 2021–22 முதல் பழைய பெயரிலேயே நடக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் தர வேண்டும், மீதியை அரசு தரும். தனியாளும் தரலாம், ஊராரும் தரலாம், நிறுவனமும் தரலாம். பங்களிப்பை வரைவோலையாக மாவட்ட நிர்வாகத்திடம் செலுத்த வேண்டும். மனு ஒன்றியம் வழியாக மாவட்ட ஊரக வளர்ச்சி முகமைக்குப் போய், ஆட்சியர் நிர்வாக அனுமதி தருவார். மக்கள் பங்கு பாதிக்கு மேல் போனால் பணம் கொடுத்தவர்களே வேலையைச் செய்யவும் அனுமதிக்கலாம் என்பது இந்தத் திட்டத்தின் தனிச் சிறப்பு. பாதிக்குக் கீழே என்றால் டெண்டர்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 15 லட்சத்தில் மூன்றில் ஒன்று 5 லட்சம். உங்களிடம் 4. ஆனால் கொத்தனார் சொன்ன 15 அலுவலக மதிப்பீட்டில் 15-ஆக நிற்காது. அரசுப் பணி ஒப்பந்தத்துக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, கட்டுமானத் தொழிலாளர் நல வரி 1 சதவீதம், மேலே சில்லறைச் செலவுகள். கொத்தனார் இதையெல்லாம் சேர்த்திருக்க மாட்டார். 18 லட்சம் என்று வந்தால் உங்கள் பங்கு 6 லட்சம் ஆகிவிடும். மாறாக, படிப்பறையை எடுத்துவிட்டு, வரிகள் எல்லாம் உட்பட மதிப்பீடு 12 லட்சத்துக்குள் நிற்கும்படி கூடத்தின் அளவைச் சொன்னால் உங்கள் 4 லட்சம் சரியாக மூன்றில் ஒரு பங்கு. இன்றைக்கே நீங்கள் தகுதியானவர்கள். 8 லட்சத்துக்கும் சற்றுக் குறைவாகச் சிறிய கூடம் போதும் என்று ஊர் நினைத்தால் உங்கள் பங்கு பாதியைத் தாண்டும், வேலையை ஊரே செய்யக் கேட்கலாம். நல்ல கொத்தனார் ஊரிலேயே இருந்தால் அதை நான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் பில், ரசீது, அளவுப் புத்தகம் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் பொறுப்பும் ஊர் தலையில் விழும். அதற்கு ஆள் இருக்கிறதா என்று யோசித்துச் செய்யுங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை, இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். '1 லட்சம் குறைகிறதா, கவலைப்படாதீர்கள், உங்கள் பங்கை நான் கட்டிவிடுகிறேன்' என்று ஒருவர் வருவார். மொத்தப் பங்கையும் கட்டுகிறேன் என்றுகூடச் சொல்வார். அவர் அந்த வேலையை எடுக்க நினைக்கும் ஒப்பந்ததாரராக இருப்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் கட்டிய பணத்தைக் கம்பியிலும் சிமெண்டிலும்தான் திரும்ப எடுப்பார், வேறு எங்கிருந்தும் எடுக்க முடியாது. ஊர் தன் காசைப் போட்டிருந்தால் கட்டும் இடத்தில் நாலு பேர் நின்று கேள்வி கேட்பார்கள். ஒப்பந்ததாரர் காசு என்றால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மக்கள் பங்களிப்பு என்று ஒரு விதியை வைத்ததன் நோக்கமே அதில் போய்விடுகிறது.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. இதில் ஊர்ப் பங்களிப்பு தேவையில்லை. ஆனால் திருவாடானை போன்ற ஒரு தொகுதிக்குள் எத்தனை ஊராட்சிகள் வரிசையில் நிற்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். நாடாளுமன்ற உறுப்பினர் நிதி 5 கோடி. அதை அறந்தாங்கி, திருச்சுழி உட்பட ஆறு சட்டமன்றத் தொகுதிகள் பகிர வேண்டும். இரண்டிலும் உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம் இல்லாமல் எதுவும் நகராது. ஊராட்சியின் சொந்தக் கையில் வருவது நிதிக்குழு மானியம். 15-ஆவது நிதிக்குழுவின் 2021–26 காலத்தில் அதில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டப்பட்டது, 40 சதவீதம்தான் ஊர் விருப்பத்துக்கு. 2026–27 முதல் 16-ஆவது நிதிக்குழுவின் காலம் என்பதால் இந்த விகிதத்தை நம்பித் திட்டம் போடாமல் ஒன்றியத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். எப்படியானாலும் பல குக்கிராமங்கள் சேர்ந்த ஓர் ஊராட்சியில் ஒரே குக்கிராமத்துக்கு 12 லட்சம் அந்தக் கணக்கிலிருந்து வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். மோட்டார் பழுது, குழாய் உடைப்பு, தெருவிளக்கு எல்லாம் முன்னால் நிற்கும்.

மீன்வளத் துறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். மீன் இறங்குதளம், ஏலக்கூடம், வலை பின்னும் கூடம் ஆகியவற்றை அவர்களே முழுச் செலவில் கட்டுவதுண்டு. நபார்டு வங்கியின் ஊரக உள்கட்டமைப்பு நிதியும் 2020-இல் தொடங்கிய பிரதமரின் மீன்வளத் திட்டமும் இதற்கு வழிகள். கிடைத்தால் உங்கள் 4 லட்சம் மிச்சம், கட்டடமும் பெரிதாக இருக்கும். ஆனால் அது ஓர் ஊரின் மனுவுக்காக உடனே வருவதில்லை; துறை ஒரு தொகுப்பாக முன்மொழிவு அனுப்பி, அரசாணை வந்து, நாள் ஆகும். என் யோசனை, உதவி இயக்குநர் அலுவலகத்தில் உங்கள் ஊருக்கு ஏதாவது முன்மொழிவு ஏற்கெனவே இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். இருந்தால் காத்திருங்கள். இல்லை என்றால் அந்தப் பதிலையே நமக்கு நாமே மனுவோடு இணையுங்கள். இரண்டு துறையிலும் ஒரே வேலைக்கு ஒரே நேரத்தில் கோப்பு ஓடினால், இரட்டைப் பணி என்று தணிக்கை எழுதும் என்ற பயத்தில் இரண்டுமே நின்றுவிடும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியையும் சிலர் சொல்வார்கள். 2018-இல் நிதி ஆயோக் தேர்ந்தெடுத்த முன்னேற விழையும் மாவட்டங்களில் தமிழ்நாட்டில் இரண்டு உண்டு, விருதுநகரும் நம் ராமநாதபுரமும். அதனால் கம்பெனிகளின் பார்வை இந்தப் பக்கம் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் பதிவு செய்யாத மன்றத்துக்கு அவர்கள் பணம் தர முடியாது. பதிவான அறக்கட்டளையோ சங்கமோ ஆனாலும் கம்பெனி விவகார அமைச்சகத்தில் தனிப் பதிவு எண் வேண்டும். உங்களுக்குக் குறையும் 1 லட்சத்தை மட்டும் ஒரு நிறுவனத்திடம் கேட்டு, அவர்கள் பெயரிலேயே நமக்கு நாமே திட்டத்தில் நேராகச் செலுத்தச் சொல்வது எளிது. வரிகள் உட்பட 15 லட்சம் என்ற அளவிலேயே ஊர் உறுதியாக நின்றால் இந்த வழியைப் பாருங்கள்.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். தீர்மானம் இல்லாமல் போகும் மனு ஒன்றியத்திலேயே திரும்பி வரும். குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள், 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. கடற்கரைக் குக்கிராமத்தில் இருந்து ஊராட்சித் தலைமை ஊருக்குக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் குறைவு, அதிலும் காலை பத்து மணிக்குப் படகு கடலில் இருக்கும். வாடைக் காலத்தில் பாக் விரிகுடாவில் தொழில் குறையும்போது ஆட்கள் கரையில் இருப்பார்கள், அதனால் நவம்பர் 1 அல்லது ஜனவரி 26 கூட்டம் உங்களுக்குத் தோது. ஊர் கூடி வண்டி பிடித்துப் போங்கள். தீர்மானத்தில் 'வலைக்கூடம் கட்ட ஒப்புதல்' என்று மொட்டையாக எழுத விடாதீர்கள். சர்வே எண், பரப்பு, என்ன வேலை, எந்தத் திட்டம், மக்கள் பங்கு எவ்வளவு, கட்டிய பிறகு பராமரிப்பு யார் என்ற ஆறும் அதில் இருக்க வேண்டும். தீர்மான நகலை அன்றைக்கே கேளுங்கள். வருடாந்திர கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்திலும் இந்த வேலை சேர்ந்ததா என்று இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஊர்க் கமிட்டி முடிவு செய்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பெண்களைக் கேட்டீர்களா? இதை நான் ஒவ்வோர் ஊரிலும் கேட்டிருக்கிறேன், பாதி இடங்களில் பதில் வராது. நிழல் இல்லாமல் மணலில் உட்கார்ந்து கருவாடு காயப்போடுவதும் அதே வெயிலில்தான் நடக்கிறது, மணல் ஒட்டிய கருவாட்டுக்கு விலையும் குறைகிறது. மீன் உலர்தளம் என்பது கூரையில்லாத ஒரு சிமெண்டுத் தளம்தான், வலைக்கூடத்தின் செலவில் ஒரு பகுதி ஆகும். நான் மேலே சொன்ன கடலோர மண்டல அறிவிக்கையில் அதற்கும் அனுமதி உண்டு. கூடத்தின் ஓரத்தில் அதையும் சேர்த்து ஒரே மதிப்பீடாகக் கேட்டால் கிராம சபையில் கை தூக்க ஆளும் கூடும், மகளிர் குழுக்களின் கூட்டமைப்பும் துணை நிற்கும். படிப்பறையை எடுத்த இடத்தில் இதை வையுங்கள் என்பதே என் விருப்பம்.

மதிப்பீடு போடும் நாளில் பொறியாளர் கூடவே இருங்கள். பொறியியலில் என் அறிவு கேட்டறிந்த அளவுதான், ஆனால் இந்த ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை: நம் கடற்கரையில் கட்டடத்தைக் கெடுப்பது உப்பு. தூணில் கம்பி வெளியே தெரிய, சிமெண்டு உரிந்து தொங்கும் ஏலக்கூடங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்தியத் தர நிர்ணயப்படி கடலோரச் சூழலில் கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட்டின் கனம் (கவர்) குறைந்தது 45 மில்லிமீட்டர் வேண்டும், கான்கிரீட்டின் தரம் எம்30-க்குக் குறையக் கூடாது. உள்ளூரில் வழக்கமாகப் போடும் கலவை இதைவிடக் குறைவானது. அதைவிட முக்கியம் தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. உங்கள் ஊர் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி உப்பாக இருந்தால் அது இந்த வேலைக்கு உதவாது. குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பார்த்துவிடலாம். நல்ல தண்ணீர் லாரியில் வர வேண்டும் என்றால் அந்தச் செலவை மதிப்பீட்டிலேயே காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் ஒப்பந்ததாரர் பக்கத்தில் கிடைக்கும் உப்புத் தண்ணீரையே ஊற்றுவார். கடல் மணல் ஒரு சட்டி கூடச் சேரக் கூடாது.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது. நிலத்தாள் சுத்தமாக இருந்து, பங்குத் தொகை தயாராக இருந்தால் ஒரே நிதியாண்டுக்குள் முடிந்த வேலைகளை நடத்தியிருக்கிறேன். நில மாற்றத்திலோ கடலோர மண்டல அனுமதியிலோ சிக்கினால் ஆண்டுகள் போகும். ஆட்சியர் தலைமையில் மாவட்ட அளவில் ஒரு கடலோர மண்டல மேலாண்மைக் குழு உண்டு, விண்ணப்பம் அதன் வழியாகப் போகும். அதை ஊராட்சி சார்பில் ஒன்றியம்தான் அனுப்ப வேண்டும், உங்கள் மன்றம் அல்ல. நமக்கு நாமே திட்டத்துக்கு மாவட்டத்துக்கு வரும் ஒதுக்கீடும் ஆண்டுக்கு ஆண்டு கூடும் குறையும். ஏப்ரல், மே மாதங்களில் மனு உள்ளே இருந்தால் வரிசையில் முன்னால் இருப்பீர்கள். டிசம்பரில் கொடுத்தால் அடுத்த ஆண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் ஒரு நகல் கொடுத்து ரசீது எண் வாங்குவது நல்லது. மீனவர் குறைதீர் கூட்டத்திலும் சொல்லலாம். ஒன்றும் தெரியவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு 'எங்கள் மனுவின் தற்போதைய நிலை என்ன, கோப்பு யாரிடம் உள்ளது' என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மிரட்டும் தொனி வேண்டாம், அதே அலுவலரிடம்தான் நாளைக்கு மதிப்பீடு வாங்கப் போகிறீர்கள்.

வரைவோலை எடுக்கும் நாள் வரை அந்த 4 லட்சத்தை யார் வீட்டிலும் வைக்காதீர்கள். ஊர்க் கமிட்டியில் ஒருவர், இளைஞர் மன்றத்தில் ஒருவர், மகளிர் குழுவில் ஒருவர் என்று மூன்று பேர் சேர்ந்த வங்கிக் கணக்கில் போடுங்கள். எந்தப் படகு எவ்வளவு கொடுத்தது என்ற பட்டியலை எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். நிர்வாக அனுமதி வராமல் போனால் எந்தத் தேதிக்குள் பணம் அவரவருக்குத் திரும்பும் என்பதையும் ஊர்க் கூட்டத்தில் இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண் கேட்கப் போவதை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள், மற்றவை அதன் பிறகு.